தாழைக்கோழியின் பங்கு

செப்டம்பர் 22

இந்த டைரி உரக்கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்தது. இன்றுவரை ஓர் எழுத்து எழுதியதில்லை. பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஒரு பூச்சிமருந்தின் பெயரும், அதில் சாகிற பூச்சியின் படமும் போட்டிருக்கிறான். இன்றைய பக்கத்தில் இலைச்சுருட்டுப் புழு.

எழுதச் சொன்னது என் மனைவி முப்பிடாதி. "புது மொதலாளி இன்னைக்கு ஒண்ணு சொல்லுவாரு, நாளைக்கு நான் எங்க சொன்னேம்பாரு. நம்ம கையில ஒரு துண்டுக் காயிதம் உண்டுமா? அன்னன்னைக்கு நடந்தத எழுதிப் போடுங்க" என்றாள். நான் பத்தாம் வகுப்பில் தமிழில் எழுபத்தொன்பது வாங்கியவன். அவள் அதை மறக்காமல் வைத்திருக்கிறாள்.

நடந்தது இது. ஆலடிப்பத்தில் இருக்கிற இரண்டு ஏக்கர் நஞ்சையை இருபத்திரண்டு வருஷமாக நான் குத்தகைக்குப் பயிர் செய்கிறேன். வாய்ப்பேச்சுக் குத்தகை. நிலத்துக்குச் சொந்தக்காரியை ஊரே பெரியம்மா என்றுதான் கூப்பிடும்; அவர் ஒரு நாளும் வயலுக்கு வந்ததில்லை. அறுவடைக்கு அறுவடை குத்தகை நெல்லை வீட்டில் கொண்டுபோய் இறக்கினால், ஒரு கை அள்ளிப் பார்த்து "ஈரமால்லா இருக்கு" என்பார். இருபத்திரண்டு வருஷத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். நல்ல மனுஷி. வைகாசியில் இறந்துபோனார்.

நிலம் அவருடைய தம்பி மகன் குற்றாலிங்கம் சாருக்கு வந்திருக்கிறது. அவரும் அவர் மனைவி இந்திராணியம்மாவும் புனேயில் இருந்து வந்து பெரியம்மா வீட்டிலேயே குடியேறிவிட்டார்கள். இன்று ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

"மாசானம், நான் முப்பத்தாறு வருஷம் கெமிக்கல் கம்பெனியில இருந்தேன். அங்க என்ன தயாரிச்சோம் தெரியுமா?"

"சோப்பா சார்?"

"பூச்சிமருந்து."

சாமி கண்ணைத் திறந்துவிட்டது, இனி மருந்து சும்மா கிடைக்கும் என்று நினைத்தேன். அவர் அடுத்து சொன்னார்: "அதனாலதான் சொல்றேன். இனிமே இந்த மண்ணுல ஒரு சொட்டு விழக் கூடாது."

பிறகு விரலை மடக்கி மடக்கி ஐந்து விதி சொன்னார். மருந்து அடிக்கக் கூடாது. யூரியா போடக் கூடாது. வைக்கோல் தாளை எரிக்கக் கூடாது. எலி, பாம்பு, தவளை எதையும் கொல்லக் கூடாது. பறவைகளை விரட்டக் கூடாது.

"நான் என்ன சார் செய்யணும்?"

"நீங்க விவசாயம் பண்ணுங்க."

முடியாது என்று தோன்றினால் வெட்கப்படாமல் சொல்லிவிடலாமாம். நிலத்தைச் சும்மா போட்டுவிடுவாராம். இயற்கை பார்த்துக்கொள்ளுமாம். சரி சார் என்றேன். குத்தகைக்காரனுக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான்.

செப்டம்பர் 30

எனக்கு ஒளிவுமறைவு கிடையாது. ஆனால் அறுத்து முடித்த கார் சாகுபடியில் மிஞ்சின யூரியா ஒரு மூட்டை வீட்டில் கிடந்தது. நல்ல பொருளைத் தூக்கி எறிவது பாவம். முப்பிடாதி அதைச் சுவரோரம் படுக்க வைத்து, மேலே ஒரு ஜமுக்காளத்தை விரித்துவிட்டாள்.

இன்று சொல்லாமல் கொள்ளாமல் சாரும் அம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள். எங்களிடம் இருப்பது இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றுக்குக் கால் ஒடிந்திருக்கிறது. மற்றதில் அம்மா உட்கார்ந்தார். சார் நேராகப் போய் மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"நல்லா இருக்கே. உள்ள என்ன?"

"தவுடு சார்" என்றாள் முப்பிடாதி.

அதன்மேல் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் யூரியா மண்புழுவை என்ன பாடு படுத்துகிறது என்று சொன்னார். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. பொய்யில்லை, நிஜமாகவே கலங்கியது. எழுந்தபோது கால்சட்டையின் பின்பக்கம் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"தவிட்டுல உப்பு கலந்திருக்கா?"

"மாட்டுக்கு வைக்கது சார். உப்புப் போட்டாத்தான் திங்கும்."

அருமை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்களிடம் மாடு கிடையாது என்பது அவர்கள் தெருமுனை திரும்பிய பிறகுதான் எங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது.

மூட்டையைப் பக்கத்து வயல் ஐகோர்ட்ராசாவிடம் கொடுத்துவிட்டேன். அவன் எனக்கு மச்சான் முறை. அவன் வயலில் எந்த விதியும் கிடையாது.

அக்டோபர் 12

மழைக்காலப் பிசான சாகுபடிக்கு நாற்றங்கால் பாவினேன். அம்பை பதினாறு ரகம். விதை நல்ல விதை. ஆனால் மயில் பதினொன்று.

அக்டோபர் 15

சார் மொட்டைமாடியில் தூரப்பார்வைக் கண்ணாடியோடு நிற்கிறார். அங்கிருந்து என் நாற்றங்கால் முழுக்கத் தெரியும்.

விதியை நான் மீறவில்லை. நாற்றங்காலைச் சுற்றி நடந்தேன். கொஞ்சம் வேகமாக நடந்தேன். நான் நடக்கிற இடத்தில் மயில் இருந்து, அது எழுந்து போனால், அது மயிலின் இஷ்டம். சாப்பிட எடுத்துப் போன வட்டில் கையில் இருந்தது. கரண்டியும் இருந்தது. நடக்கும்போது இரண்டும் இடித்துக்கொண்டன.

அக்டோபர் 16

இன்றும் நடந்தேன்.

அக்டோபர் 18

சார் கூப்பிட்டுக் கேட்டார். "காலையில அவ்வளவு வேகமா நடக்கிறீங்களே, ஏன்?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "சுகர் சார். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு."

"எனக்கும்தான் மாசானம். நாளைலேர்ந்து சேர்ந்தே நடப்போம்."

அக்டோபர் 19

அவர் நடப்பது அம்மன் சப்பரம் நகர்கிற வேகம். கூடவே நானும் ஊர்ந்தேன். மயில்கள் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நடந்து முடித்ததும் இந்திராணியம்மா எனக்கும் ஒரு டம்ளர் பாகற்காய்ச் சாறு கொடுத்தார். சுகருக்கு நல்லதாம். எனக்குச் சுகர் கிடையாது என்று இனிமேல் சொல்ல முடியாது. தினமும் குடிக்க வேண்டும்.

அக்டோபர் 23

முப்பிடாதிக்குச் சுகர் இல்லை. அதனால் அவள் வரப்பில் நின்று மயில்களைத் திட்டினாள். அவள் அம்மா ஊர் முக்கூடல் பக்கம். அங்கே திட்டுவதற்கும் ஒரு ராகம் உண்டு. மயிலின் கொண்டையில் தொடங்கி அதன் ஏழு தலைமுறைவரை போனாள். சார் கண்ணை மூடி நின்று முழுவதையும் செல்போனில் பதிவு செய்துகொண்டார்.

"என்ன பாட்டு இது? மயிலை வரவேற்கிறதா?"

"ஆமா சார். வா வான்னு கூப்பிடுதா" என்றேன்.

நவம்பர் 9

நடவு முடிந்தது. என் நாற்று பாதி வயலுக்குத்தான் காணும். மீதிக்கு ஐகோர்ட்ராசாவிடம் வாங்கினேன். "மச்சான், உம்ம மயிலுக்கு எங்கிட்டயும் கொஞ்சம் வெத இருக்கு, அனுப்பி வையும்" என்றான். நடவுப் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். முப்பிடாதி சிரிக்கவில்லை.

நவம்பர் 27

யூரியாவுக்குப் பதிலாகச் சார் தன் கையாலேயே மீன்கழிவும் கருப்பட்டியும் போட்டு ஒரு கரைசல் செய்திருக்கிறார். இருபது நாள் ஊறியதாம். குடத்தைத் திறந்து வயலுக்குத் தூக்கி வந்தபோது, தெருவில் உள்ள அத்தனை நாயும் அவர் பின்னால் வந்தன. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. சாமி ஊர்வலத்தில் வருவது மாதிரி பணிவாக வந்தன. கரைசலைத் தெளித்த இடத்தில் பயிர் கொஞ்சம் கரும்பச்சையாகச் செழித்துத்தான் இருக்கிறது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு குடம் செய்வார்.

டிசம்பர் 21

தாழைக்கோழி வந்துவிட்டது.

நீல உடம்பு, சிவப்பு மூக்கு, நெட்டைக் கால். பார்க்க அம்சமாக இருக்கும். செய்கிற வேலை அம்சமாக இருக்காது. நன்றாகத் தூர் கட்டின பயிராகப் பார்த்துக் கடித்து, வளைத்து, மெத்தை மாதிரி மடக்கிப் போட்டு அதில் முட்டையிடும். ஒரு கோழிக்கு ஒரு மெத்தை போதாது. நாலைந்து போட்டுப் பார்த்து, பிடித்ததில் உட்காரும்.

சாரிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொள்வார் என்று பார்த்தேன். செருப்பைக்கூடப் போடாமல் ஓடி வந்தார். இந்திராணியம்மாவின் பழைய மஞ்சள் சேலையைக் கிழித்துக் கம்பில் கட்டி, கூட்டைச் சுற்றிக் கொடி நட்டார். கொடிக்கு உள்ளே யாரும் கால் வைக்கக் கூடாதாம். களை எடுக்கவும் கூடாதாம்.

டிசம்பர் 29

கொடி நட்ட கூடு ஏழு. சேலை தீர்ந்துவிட்டது, சாரின் வேட்டியில் ஒன்று போயிருக்கிறது. பக்கத்து ஊர்க்காரர்கள் இரண்டு பேர் வண்டியை நிறுத்தி எந்தக் கட்சி மாநாடு என்று கேட்டார்கள்.

ஜனவரி 3

டைரி டிசம்பரோடு முடிந்துவிட்டது. முன்பக்கம் போன ஜனவரி காலியாகத்தான் கிடக்கிறது. கிழமையை மட்டும் அடித்துத் திருத்தி எழுதுகிறேன்.

ஜனவரி 6

தாழைக்கோழியைப் படம் பிடிக்க டவுனில் இருந்து சாருக்குத் தெரிந்தவர்கள் ஒன்பது பேர் வந்தார்கள். ஒவ்வொரு கேமராவும் நெல் அளக்கிற படி நீளம். அழகாகப் பேசினார்கள். என்னைக் கும்பிட்டார்கள். பிறகு வரப்பை விட்டு நேராகப் பயிருக்குள் இறங்கினார்கள். கதிர் வைக்கப் போகிற பயிர்.

நான் யோசித்தேன். பறவையை விரட்டக் கூடாது என்றுதான் விதி. ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மண்வெட்டியோடு இறங்கினேன். ஒருத்தர் ஒரு செருப்பைச் சேற்றிலேயே விட்டுவிட்டுப் போனார். சார் மாடியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் கூப்பிட்டு அனுப்பினார். தொலைந்தோம் என்று போனேன்.

"ஒன்பது பேர் போன தடம் கணக்கெடுத்தீங்களா மாசானம்? கோழியே பரவாயில்ல போலிருக்கே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். செருப்பைக் கழுவி, பஸ்ஸில் அனுப்பி வைக்கும்படி என்னிடமே கொடுத்தார்.

ஜனவரி 11

இது ஒரு முக்கியமான நாள்.

சார் ஒரு மாதத்துக்கு முன்பு தன் வீட்டுக் கொல்லையில் நாலு பாத்தி நிலக்கடலை ஊன்றியிருந்தார். தன் கையால் ஊன்றியது. ஒவ்வொரு செடிக்கும் எண் போட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தார். இன்று மத்தியானம் கடப்பாரை கேட்கப் போனேன். கொல்லைப் பக்கம் தடதடவென்று சத்தம். எட்டிப் பார்த்தேன். மூன்று மயில் முன்னால் ஓட, பின்னால் குற்றாலிங்கம் சார் விளக்குமாற்றோடு ஓடிக்கொண்டிருந்தார். வேட்டி ஒரு கையில். வாயில் வந்தது மராத்தியாக இருக்க வேண்டும். ஆனால் முப்பிடாதியின் ராகம்.

திரும்பினார். என்னைப் பார்த்தார். விளக்குமாற்றை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"நடக்கிறேன் மாசானம்" என்றார்.

"நடங்க சார். சுகருக்கு நல்லது" என்றேன்.

ஜனவரி 17

ஐகோர்ட்ராசா வயலில் புகையான் விழுந்திருக்கிறது. தூரில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் பூச்சி. வயல் வட்டம் வட்டமாகத் தீய்ந்த மாதிரி ஆகிவிடும். அவன் நேற்றே மருந்தடித்துவிட்டான். "எங்கிட்ட இருந்து கெளம்பி உம்மகிட்டதான் வரும். டேங்கு தாரேன், மருந்தும் தாரேன். விடியமுன்ன அடிச்சிட்டு வந்துரும். அவரு எட்டு மணிக்குல்லா மாடி ஏறுவாரு" என்றான்.

என் வயலிலும் தண்ணீருக்கு மேலே தூரில் பூச்சி இருக்கிறது. கையை வைத்தால் துள்ளுகிறது.

ஜனவரி 19

விடிகிற நேரத்தில் முதுகில் மருந்தடிக்கிற டேங்கோடு போனேன். மறைக்க என்ன இருக்கிறது. இரண்டு ஏக்கரும் தீய்ந்தால் குத்தகை நெல்லை நான் எங்கே போய் அளப்பேன்.

கீழ் மடையில் தொடங்கலாம் என்று இறங்கினேன். அங்கே ஐந்தாவது கொடி. தாய்க்கோழி என்னைப் பார்த்தும் எழவில்லை. பக்கத்திலேயே நாலு குஞ்சு. கறுப்புப் பஞ்சு உருண்டை மாதிரி, தலை மட்டும் வழுக்கை. பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தன. ஒன்று என் கால்பக்கம் வந்து, சுண்டுவிரலைப் புழு என்று நினைத்துக் கொத்திப் பார்த்தது.

டேங்கு மூடி சரியில்லை. மருந்து கசியும்போல் இருந்தது. அதனால் அடிக்காமல் திரும்பிவிட்டேன்.

முப்பிடாதி டேங்கைத் திருகிப் பார்த்துவிட்டு, மூடி நல்லாத்தான இருக்கு என்றாள். அவளுக்கு டேங்கைப் பற்றி என்ன தெரியும்.

பகல் முழுக்கத் தண்ணீரை வடித்துவிட்டு, காற்று புக எட்டடிக்கு ஒரு தடம் பயிரை வகுந்து விட்டோம். சாரும் இறங்கினார். இரண்டு முறை விழுந்தார். எழுந்து மறுபடி வகுந்தார்.

ஜனவரி 26

தப்பித்தது பெரும்பகுதி. மேல் மூலையில் ஒரு வீடு கட்டுகிற அளவு இடம் தீய்ந்துவிட்டது. அங்கே கதிர் இல்லை, பதர்தான்.

ஜனவரி 28

நடந்து முடித்ததும் சார் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். முகம் பிரகாசமாக இருந்தது.

"மாசானம், உங்க கஷ்டத்தை நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு முடிவு பண்ணிட்டேன். அறுப்பு முடிஞ்சதும் பயிர் வேண்டாம். மொத்த வயலையும் பறவைகளுக்கே விட்டுருவோம். நீங்களே காவலுக்கு இருங்க. மாசச் சம்பளம். உழவு இல்ல, களை இல்ல, பூச்சி இல்ல. நிம்மதி."

நல்ல மனசோடு சொன்னார். அதில் சந்தேகமே இல்லை. அதனால்தான் என்ன சொல்வது என்று தெரியவில்லை. பாகற்காய்ச் சாற்றை முழுசாகக் குடித்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 29

இன்று எழுத ஒன்றும் இல்லை.

ஜனவரி 30

ஒன்றும் இல்லை. மடை பார்த்தேன்.

ஜனவரி 31

சாப்பாட்டு வட்டில் இரண்டு நாளாக அப்படியே திரும்பி வருவதைப் பார்த்து முப்பிடாதி கேட்டுவிட்டாள். சொன்னேன். என் தொண்டையில் சளி, அதனால் குரல் ஒரு மாதிரி வந்தது. அவள் கேட்டு முடித்து, அடுப்பை அணைத்தாள்.

"அவரு நல்லவரு. கெட்டவன்னா சண்டை போட்டு செயிச்சிரலாம். நல்லவருகிட்ட ரோசன பண்ணித்தான் பேசணும்" என்றாள்.

பிப்ரவரி 2

இன்று போய்ப் பேசினோம். பேசினோம் என்றால், முப்பிடாதி பேசினாள். நான் கதவுப் பக்கம் நின்று வேண்டிய இடங்களில் இருமினேன்.

முதலில் அவள் இந்திராணியம்மாவைத் தனியாக வயலுக்குக் கூட்டிப்போய் ஒவ்வொரு கொடியையும் காட்டினாள். அதன் பிறகுதான் வீட்டுக்குப் போய்ச் சாருக்கு எதிரே நின்றாள்.

"சார், ஒங்க வீட்டுக்கு விருந்தாளி வந்தா சோறு யாரு போடுவா?"

"நாங்கதான் போடுவோம்."

"ஒலையில போடுத அரிசி?"

"எங்க அரிசிதான். ஏன் கேக்குறீங்க?"

"இந்தக் கோழி, மயிலு எல்லாம் யாரு கூப்பிட்ட விருந்தாளி?"

அம்மா சேலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"நீங்கதான் வாங்க வாங்கன்னு கூப்பிட்டிய. ஒல வைக்கது நாங்க. எலையில வட்டிச்சது எங்க பங்கு நெல்லு. விருந்து முடிஞ்சதும், சரி, இனிமே நீ எல எடுத்தா போதும், சம்பளம் தாரேங்கிய. இது எந்த ஊரு நாயம் சார்?"

"கஷ்டம் வேண்டாமேன்னுதான் சொன்னேன் முப்பிடாதி."

"சம்பளக்காரன நாளைக்கு வராதன்னு ஒரு வார்த்தையில சொல்லிரலாம். பயிரு வச்சவன அப்படிச் சொல்ல முடியாது. அதான் வித்தியாசம்."

நான் இருமினேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்க வேண்டிய இரண்டையும் கேட்டாள். கொடி நட்ட இடத்து நெல் குத்தகையில் கழிய வேண்டும். நான்தான் குத்தகைதாரர் என்று தாலுகா ஆபீஸில் பதிய வேண்டும்.

"பதிவா?" என்றார் சார். அவர் முகம் மாறியது. "பதிஞ்சா அப்புறம் நிலத்தை நான் எதுவும் செய்ய முடியாதே. வெறும் வயலா விட்டாத்தானே பறவை நிம்மதியா இருக்கும்?"

"சும்மா விட்டா கோழி வரும்னு யாரு சொன்னா? அது நெல்லுக்குல்லா வந்திருக்கு. தெக்க பெரிய வீட்டுக்காரக எட்டு வருசமா சும்மா போட்டிருக்காக. போயி எத்தன கோழி கெடக்குன்னு எண்ணிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்ததும் அவள் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானே காப்பி போட்டேன். சீனி ஜாஸ்தியாகிவிட்டது. குடித்துவிட்டாள்.

பிப்ரவரி 3

சார் நடக்க வரவில்லை. ஐகோர்ட்ராசா சொல்கிறான்: "மச்சான், உள்ளதும் போச்சு. பதியச் சொன்னா எந்த மொதலாளியும் அன்னைக்கே வெரட்டிருவான்."

பிப்ரவரி 5

நான் மட்டும் நடந்தேன். கசப்பு குடிக்காமல் காலை என்னமோபோல் இருந்தது. நாக்கு பழகிவிட்டது, வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 8

மத்தியானம் சார் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். சட்டை மூன்று இடத்தில் கிழிந்திருந்தது. முழங்கையில் ரத்தக் கீறல். நான் பயந்து நாற்காலியை எடுத்துப் போட்டேன். பதற்றத்தில் கால் ஒடிந்த நாற்காலி. நல்லவேளை, அவர் உட்காரவில்லை.

"மூணு நாளா தெற்கு வயலுக்குப் போயிட்டு வர்றேன். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. முழுக்க வேலிக்கருவை. தண்ணி நிக்கல. தவளை இல்ல. ஒரு தாழைக்கோழி இல்ல மாசானம். ஒண்ணே ஒண்ணு, ஒரு செம்போத்து இருந்தது. அதுவும் என்னைப் பார்த்து பயந்து போயிருச்சு."

முப்பிடாதி தேங்காய் எண்ணெயை எடுத்து வந்து கீறலில் தடவச் சொன்னாள். தடவிக்கொண்டே சொன்னார், "முப்பத்தாறு வருஷம் லேப்ல இருந்தவன். பார்க்காம ஒரு முடிவு எடுத்திருக்கேன் பாருங்க." பிறகு கொஞ்சம் தயங்கி, "இந்திராணி வேற ஆறு நாளா பேசல" என்றார்.

இரண்டு கோரிக்கைக்கும் சம்மதம். நாங்கள் உறுதியாகப் பேசியது நல்லதாகப் போயிற்று.

பிப்ரவரி 24

அறுப்பு. மெஷின் வந்தது. அதற்கு முன்பே சார் டேப்பைப் பிடித்து ஒவ்வொரு கொடிவட்டத்தையும் அளந்து எழுதிக்கொண்டார். கழிக்க வேண்டிய நெல் நான் மனசில் போட்டதைவிட அவர் கணக்கில் கொஞ்சம் அதிகமாகவே வந்தது. படித்தவர் கணக்கு, நான் குறுக்கே பேசவில்லை.

கீழ் மடைப் பக்கம் பிந்தி முட்டையிட்ட கோழி ஒன்று இன்னும் அடைகாக்கிறது. அந்த இடத்தை அறுக்க வேண்டாம் என்று டிரைவரிடம் சொன்னேன். சாரும் அப்போது அங்கே இல்லை.

"ஏன் அண்ணாச்சி?"

"அங்க சேறு. வண்டி பதியும்."

"காஞ்சு வெடிச்சுல்லா கெடக்கு."

"ஒனக்கு வயலத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?" என்றேன். அறுக்காமல் போனான்.

போன வருஷத்தைவிட விளைச்சல் குறைவு. சாப்பாட்டுக்கு எடுத்து வைத்தது போகக் கொஞ்சம் விற்கவும் இருக்கிறது. இவ்வளவு பறவைக் கழுதைகளும் தின்ற பிறகு இது போதும்.

மார்ச் 11

தாலுகா ஆபீஸுக்குப் போனோம். நான், முப்பிடாதி, சார். ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. உஷ்ணம்.

கிளார்க் மனுவை இரண்டு தடவை படித்துவிட்டுச் சாரிடம் கேட்டார், "ஆட்சேபணை சொல்லத்தானே வந்திருக்கீங்க?"

"இல்ல. பதியச் சொல்லி வந்திருக்கேன்."

கிளார்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி முதலில் இருந்து படித்தார். பிறகு உள்ளே தாசில்தாரிடம் அனுப்பினார். அந்தம்மா சாரைப் பார்த்து, இவர் எத்தனை வருஷமாகப் பயிர் செய்கிறார் என்று கேட்டார்.

சார் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முப்பிடாதி என் முழங்கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்தது.

"நான் வந்து ஆறு மாசம்தான் ஆகுது மேடம். அவர் இருபத்திரண்டு வருஷமா இருக்கார். நிலத்தைப் பத்தி என்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க, அவர்கிட்ட கேளுங்க."

கேட்டார். வடக்கே வாய்க்கால், தெற்கே கருவைக்காடு, கிழக்கே ஐகோர்ட்ராசா, மேற்கே வண்டிப்பாதை என்று நாலு எல்லையும் சொன்னேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சார் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். முத்திரை போட்ட ரசீது கையில் கொடுத்தார்கள். முப்பிடாதி அதை ஒரு பாலித்தீன் பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டு, அதை இடுப்பில் செருகினாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் சார், பக்கத்தில் நான், பின் சீட்டில் முப்பிடாதி. ஆற்றுப்பாலம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார். தலை சரிந்து என் தோளில் வந்து விழுந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. எங்கள் ஸ்டாப் வந்தது. கண்டக்டர் விசில் அடித்தார். நான் அசையவில்லை. பஸ் போய்விட்டது.

அடுத்த ஊரில் இறங்கி, மூன்று பேரும் வெயிலில் இரண்டு கிலோமீட்டர் நடந்து வந்தோம். ஏன் எழுப்பவில்லை என்று முப்பிடாதி பின்னால் வந்து காதோடு கேட்டாள். அரைத்தூக்கத்தில் எழுந்து மனசு மாறிவிட்டால் என்ன செய்வது, ஆபீஸ் வேறு திறந்திருக்கிற நேரம் என்றேன்.

அவள் நம்பவில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.